அவிய ஒண்ணும் சொல்லல

கோர்ட்டில் தமிழ் சாட்சிகளுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. தாராவியிலிருந்து வந்திருந்த அந்த ஒல்லியான பெண், கொலை வழக்கில் ஜாமீனில் இருந்த தன் கணவனுக்கு எதிரான சாட்சி. விசாரணைக்கு முன் கோர்ட் வராந்தாவில் என்னிடம் பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டையே பார்த்தாள்.

“அவிய எங்கிட்ட சொன்னதச் சொல்லணுமா, அண்ணாச்சி?”

“புருஷன் பெண்டாட்டிகிட்ட சொன்னதச் சொல்ல வேண்டாம்மா. கண்ணால பாத்ததச் சொல்லித்தான் ஆகணும்.”

அவள் முந்தானையை இன்னும் இழுத்துப் பிடித்தாள். “அவிய ஒண்ணுமே சொல்லலியே. ரத்தச் சட்டைய அலசினாவ. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.”

அப்போது கணவன் படியேறி வந்து அரை கிளாஸ் கட்டிங் டீயை அவளிடம் நீட்டினான்.

“குடிளா. முடிச்சிட்டு சேந்தே வீட்டுக்குப் போவோம்,” என்றான் அன்பாக.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “நான் ஒண்ணும் பாக்கல” என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. அதை நீதிபதிக்கு மராத்தியில் சொன்ன என் குரல்தான் நடுங்கியது.