ஐஸ் பெட்டியும் ரோஸ் தண்ணியும்

விளக்கேற்றுகிற கையால் ஒரு எலி செத்த கதையை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அது பிள்ளையாருடைய வாகனம். ஆனால் காலடிப்பேட்டையில் எங்கள் வாசலில் கிடக்கும் அத்தையின் ஐஸ் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மழை நாள் மனசில் வந்து நிற்கிறது. அத்தை என் மாமியார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர்.

மாடியில் குடியிருந்தவரை டாக்டரம்மா என்போம். வைத்தியம் இல்லை, ஆராய்ச்சி. உடம்பில் சில மரபணுக்களை வாயடைத்து வைக்கிற புரதங்கள் உண்டாம். அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க, அவற்றில் மட்டும் ஒட்டுகிற எதிர்ப்பொருள் வேண்டும். வாழைப்பழத்தை மொய்க்கிற ஈயின் புரதத்தை எலிக்கு ஊசி போட்டு, அந்த எலியின் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு சேர்த்தார். எத்தனையோ வீணாகி, ஒன்றே ஒன்று சரியாக அமைந்து, அந்த எதிர்ப்பொருளைச் சுரந்தது. அந்த ஒன்றிலிருந்து பெருகிய செல்கள்தான் அவரிடம் இருந்ததெல்லாம். செல்லை எடுத்ததில் எலி போய்விட்டது. அதற்காகக் கோயிலில் ஒரு விளக்கு போட்டேன்.

மழையில் எர்ணாவூர் ஆய்வுக்கூடத்தில் கரண்டு போய், ஜெனரேட்டரும் மூழ்கியது. டாக்டரம்மா நனைந்துகொண்டு ஒரு பையை மார்போடு அணைத்து வந்தார். "பத்திரம்க்கா" என்று கொடுத்துவிட்டுப் புடவை மாற்ற மாடிக்கு ஓடினார். நான் பையை அத்தை பக்கத்தில் வைத்துவிட்டு டீ போடப் போனேன். மீன்காரர் வீட்டில் எதைப் பத்திரப்படுத்துவதென்றாலும் ஐஸ்தான். திரும்பி வந்தால், பைக்குள் இருந்த, ரோஸ் நிறத் தண்ணி நிரம்பிய குப்பிகளை அத்தை ஐஸில் புதைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, ஐஸா!" டாக்டரம்மா படியிலேயே அலறினார்.

"இன்னாத்துக்கு கத்துற? வஞ்சிரமே கெடாம கீது, இது கெட்டுடுமா?"

"அம்மா, அந்தத் தண்ணில இருக்கற செல்லு உயிரோட இருக்கு. உடம்புச் சூடு இல்லன்னா செத்துடும். வேற இல்லம்மா. இதுதான் எல்லாம்."

அத்தை முகம் வெளுத்தது. "உயிரோடவா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா, கண்ணு!" குப்பிகளைத் துடைத்துத் துணியில் சுற்றி, புடவைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டார். "மூணு புள்ள பெத்த வயிறு. இங்க இருக்கட்டும்."

பட்டணத்துக்குள் டாக்டரம்மாவின் தோழியுடைய ஆய்வுக்கூடத்தில் கரண்டு இருந்தது. ஆனால் தெருவில் முழங்கால் தண்ணீர். வடிகிற வரைக்கும் காத்திருந்தோம். அத்தை அசையவில்லை. டாக்டரம்மா அவர் வயிற்றையே பார்த்தபடி, "அந்த எலியை நான் திரும்பக் கொண்டுவர முடியாதுக்கா" என்றார். நான் பிள்ளையார் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இருமக்கூட பயமா கீது" என்றார் அத்தை.

சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவை ஆட்டோவில் ஏற்றிப்போனார். குப்பியைக் கழற்றமாட்டேன் என்று அத்தையும் கூடவே போனார். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களில் பாதிக்கு மேல் செத்திருந்தன. மிச்சம் உயிரோடு இருந்தன. அது போதும் என்று டாக்டரம்மா அழுதாராம்.

பிறகு ஒருநாள் போனில் படம் காட்டினார். கறுப்பில் பச்சைப் புள்ளிகள், எதிர்ப்பொருள் போய் ஒட்டிய இடங்கள். "இது ஈ. இது எலி. ஈக்குன்னு செஞ்சது எலியிலயும் ஒட்டுதும்மா." அத்தை உற்றுப் பார்த்தார். "என் வவுத்துல இருந்ததா இது?"

அத்தை இப்போது இல்லை. பெட்டி காலியாகக் கிடக்கிறது. கேட்பவர்கள் அம்மன் செயல் என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அத்தை சொல்லும்போது, "நான்தான் ஐஸுல போட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார். நீங்களும் யாருக்காவது சொன்னால் அப்படியே சொல்லுங்கள். கதையிலிருந்து ஐஸை எடுத்துவிடாதீர்கள். அந்த எலியையும்.