பழகின மாடு போல ஒரு லேப்டாப்

மகளுக்கு லேப்டாப் வாங்க நான்தான் காஞ்சிபுரம் போனேன். அவள் போயிருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை போன வருஷம் தவறிவிட்டார். அதிலிருந்து அவளும் பிள்ளையும் உத்திரமேரூர் பக்கத்தில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே கட்டடப் படம் வரைகிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. லேப்டாப் மட்டும் சொந்தமாக வேண்டுமாம். திங்கட்கிழமை வரைந்து காட்ட வேண்டும். என்ன மாதிரி வேண்டுமென்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது. மடியில் முடிந்துகொண்டேன்.

கடைக்காரர் சீட்டைப் பார்த்துப் புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார். மெல்லிசு, தூக்கினால் கனமே இல்லை. பக்கத்தில் தடியாகப் பழையது ஒன்று இருந்தது.

"இது எங்க இருந்ததுப்பா?"

"ஒரு ஆபீஸ்ல ஆறு வருசம் ஓடினது."

என் கண் அதிலேயே நின்றுவிட்டது. ஒரு தடவை மானாம்பதியில் இளங்காளை ஜோடி பிடித்தேன். மினுமினுவென்று இருக்கும். பார்க்கிறவன் எல்லாம் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவான். ஏரில் பூட்டினதும் ஒன்று சேற்றில் படுத்துவிட்டது. வாலை முறுக்கியும் எழவில்லை. அந்த வருஷம் நடவே பிந்திப்போனது. அதன்பிறகு பழகின மாடுதான் வாங்குவேன். ஆறு வருஷம் ஆபீசில் உழைத்தது என்றால் இதற்கு வேலை தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். விலை குறைவு என்பதற்காக இல்லை, சத்தியமாக.

"பெரியவரே, படம் வரைய இது தாங்காது. பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"எனுக்குத் தெரியாதா? நீ அத்தயே கட்டு."

வீட்டில் பையைப் பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சீட்ட குடுத்தியா நைனா?"

"குடுத்தேம்மா. அவன் புதுசுதான் காட்னான். நான்தான் பழகினதா பாத்து..."

"நீ மாடு வாங்கப் போனியா, லேப்டாப் வாங்கப் போனியா?"

மறுநாள் ஞாயிறு, கடை பூட்டு. திங்கட்கிழமை காலையில் போனில் வேலை கொடுக்கிற ஆபீஸ்காரர் இருக்க, அவள் வரைய ஆரம்பித்தாள். நாலு கோடு ஓடியது. அப்புறம் படம் அசையவில்லை. உள்ளே காற்றாடி கத்தியது. தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. நான் துண்டை எடுத்து விசிறினேன்.

"மேடம், இன்னும் எவ்ளோ நேரம்?"

"சார், ரெண்டு நிமிசம் சார். வந்துட்டே கீது சார்."

வரவில்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டாள். நான் விசிறிக்கொண்டே இருந்தேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

"நாளைக்கே போயி மாத்திக்கினு வரேம்மா. அவருகிட்ட நான் பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்றேன்."

அவள் மூடியைச் சாத்தினாள். என் கை விசிறுவதை நிறுத்தவில்லை.

"வுடு நைனா," என்றாள். "இனிமே அது சூடானா இன்னா."