மைனாவுக்குப் பார்த்த ஜோடி

கொள்ளு வேகும் வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்கு இன்றும் பசி எடுப்பதில்லை, கோபம்தான் வருகிறது. எண்பதுகளில், மேற்குத் தாம்பரத்தில் இருந்த எங்கள் வீட்டில், காலையில் முதல் பானை ஏறியது எங்களுக்காக அல்ல, அப்பாவின் ஜட்கா வண்டியை இழுத்த மைனாவுக்காக.

மைனா தக்காணத்து மட்டக்குதிரை. அப்பாவின் நெஞ்சுயரம்கூட இராது. ஆனாலும் நாலு பேரையும் ஒரு அரிசி மூட்டையையும் பம்மல்வரை அலுக்காமல் இழுக்கும், கிடைத்ததைத் தின்னும், நோய் நொடி என்று படுக்காது. ஸ்டேஷன் வாசலில் சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் அப்பா அதன் பூர்வீகத்தை அளப்பார்: "மராட்டாக்காரன் சண்டைக்கு ஓட்டின ஜாதி சார் இது. கப்பல்ல வந்த அரபுக் குதிரையும் அந்த ஊரு மட்டக்குதிரையும் சேர்ந்து பொறந்தது." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

மைனாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அது ஒரு குட்டி போட்டால்தான் வண்டி தொடர்ந்து ஓடும், எங்கள் அடுப்பும் எரியும். கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை விடும் காதர் பாய் தானாகவே வந்து, "அண்ணே, என் குதிரையோட சேத்து வுடு. குட்டிய நீயே வச்சிக்க" என்றார். அப்பா, "ஜாதி கெட்டுப்பூடும் பாய்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். பூனாவிலிருந்து அசல் ஆண்குதிரை வரப்போகிறதாம். யாரோ ஒரு லாரிக்காரர் சொன்னாராம்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உன் குதிரையே கலந்து பொறந்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியே! இன்னொரு வாட்டி கலந்தா இன்னா குடி முழுகிப்பூடும்?"

அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு, மைனாவைத் தேய்த்துவிடப் போய்விட்டார். வறட்டுப் பிடிவாதம்! இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

லாரிகள் வந்தன, போயின. பூனாக் குதிரை வரவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் மைனா கொட்டகையிலேயே சரிந்து விழுந்து செத்தது. வண்டியை விறகுக்குப் போட்டுவிட்டு, அப்பா மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார்.

போன வாரம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கல்யாண ஊர்வலம் எங்கள் பஸ்ஸை மறித்தது. மாப்பிள்ளையைச் சுமந்துவந்த வெள்ளைக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்தவர் காதர் பாயின் மகன். ஜன்னலில் என்னை அடையாளம் கண்டு, "எங்க அப்பா குதிரையோட வம்சம்தான்க்கா இது" என்று சிரித்தார்.

எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பைக் ஸ்டாண்டு. மைனாவின் ஜாதியைத் துளிகூடக் கெடாமல் காப்பாற்றிவிட்டார் அப்பா. காட்டத்தான் ஒரு குட்டி இல்லை.