எது கேட்டாலும் சரி கொடுங்க

பெரியப்பா சோஃபா தைப்பவர். பழைய சோஃபாவைப் பிரிக்கும்போது உள்ளே சீப்பு, சில்லறை, ஒற்றைக் கம்மல் என்று எது கிடைத்தாலும் பொட்டலம் கட்டி உரியவரிடம் கொடுத்துவிடுவார். உலகமும் தன்னைப் போலத்தான் என்று நம்புகிறவர்.

"வாங்க பட்டதாரி! பெட்டி நொண்டுது, வந்து வைத்தியம் பாருங்க" என்றார் அந்த ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தில் முதல் பட்டம் நான் வாங்கியது. அன்றிலிருந்து அவர் வாயில் எனக்கு வேறு பெயர் கிடையாது.

பெட்டி என்பது கணினி. அவருடைய ஒரே மகள், என் அக்கா, வாங்கி வைத்தது. வெளியூர் வேலைக்குப் போனதும் அவருக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கிக் கொடுத்து, தன் பேச்சைப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அப்பாவுக்குக் குரல்தான் வசதி என்பாள். போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகும் பெரியப்பா கடையிலிருந்து வந்து, கை கழுவி, தினமும் ஒரு பதிவைப் போட்டுக் கேட்பார். "அப்பா, சுத்தியல் அடிக்கறப்ப கட்டைவிரலைப் பாத்துக்கோங்க. போன தடவை வந்தப்ப நகத்தையே காணோம்!" சமையலறையிலிருந்து பெரியம்மா, "ஆரம்பிச்சாச்சா? தினம் இதே ரோதனை" என்று கத்துவாள். கத்திவிட்டுக் குழாயை மூடுவாள்.

"காலைலேர்ந்து பாஸ்வேர்டு தப்புங்குது. அது எப்படித் தப்பாகும்? அவ பேருதானே!" என்றார் பெரியப்பா.

கடவுச்சொல் அக்காவின் செல்லப் பெயர். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, தினமும் அதை அடிப்பார்.

நான் உட்கார்ந்தேன். எதையும் திறக்காதபோதே உள்ளே விசிறி இரைந்தது. உலாவியின் முகப்பு மாறியிருந்தது. யாரும் கேட்காத தேடல் பட்டைகள் மேலே அடுக்கடுக்காக நின்றன. கேமரா விளக்கு தானாக எரிந்தது. தெரியாத நிரல்கள் ஏழெட்டு.

"பெரியப்பா, இதெல்லாம் யார் போட்டது?"

"யாரும் போடலியே. அதுவா கேக்கும். வேகமாக்கட்டுமா, பரிசு விழுந்திருக்கு வாங்கிக்கறியான்னு. நான் சரி குடுப்பேன்."

"எல்லாத்துக்குமா?"

"அவதான் சொன்னா. எது கேட்டாலும் சரி கொடுங்கப்பா, பயப்படாதீங்கன்னு."

அவள் அதைச் சொன்னது முதல் நாள், போனில், ஒவ்வொரு பொத்தானாகக் கேட்டுக் கேட்டு வழிகாட்டியபோது. இவர் அதை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இந்தக் கணினியில் மறுபடி எதையும் அடிக்கக் கூடாது என்று என் போனில் அவர் கணக்கைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருந்தார்கள். மீட்பதற்கான எண்ணையும் மாற்றியிருந்தார்கள். படித்த படிப்பில் தெரிந்த வழியெல்லாம் முயன்றேன். எல்லாம் ஒரே சுவரில் போய் முட்டின.

"பெரியப்பா, அந்தப் பதிவையெல்லாம் தனியா இறக்கி வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கு இறக்கணும்? பெட்டிக்குள்ளதானே இருக்கா?"

பெட்டிக்குள் எதுவும் இல்லை. அவள் குரல் இருந்தது அந்தக் கணக்கில். அதை எப்படிச் சொல்வது? நாலு வருடப் படிப்பில் இதற்கு ஒரு வாக்கியம் யாரும் கற்றுத் தரவில்லை.

"பஞ்சுக்குள்ள பழைய ஊசி கிடக்குமில்ல, அது மாதிரி உள்ள வேவு பாக்கிற நிரல் ஒண்ணு உக்காந்திருக்கு. நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பாத்து வெளியே அனுப்பியிருக்கு. அதை வெச்சு யாரோ கணக்கைப் புடுங்கிட்டாங்க."

"அவ பேரை அடிச்சேனே, அதையுமா?"

"அதைத்தான்."

கட்டைவிரலைத் தடவிக்கொண்டே இருந்தார். "திருப்பிக் குடுத்துருவாங்களா? அவங்களுக்கு இது எதுக்கு? சுத்தியலைப் பத்தித்தானே பேசுறா."

நம்பகமான பாதுகாப்பு நிரலை நிறுவித் தேடவிட்டேன். ஒவ்வொன்றாகப் பிடித்துப் பட்டியல் போட்டது. "இனிமே தானா எது கேட்டாலும் வேண்டாம்னு குடுங்க. சந்தேகமா இருந்தா எனக்கு ஒரு போன் போடுங்க."

"அப்ப அவ சொன்னது தப்பா?"

"இல்ல பெரியப்பா. அன்னைக்கு அவ போன்ல கூடவே இருந்தா. அதனால சரி."

திரையில், இவற்றையெல்லாம் நீக்கட்டுமா என்று கேள்வி வந்தது. என்னைப் பார்த்தார். "இதுக்கு?"

"இதுக்குக் குடுக்கலாம்."

விரலை நீட்டியவர் பாதியில் மடக்கிக்கொண்டார். "நீயே அமுக்கு."

அமுக்கினேன். விசிறி மெல்ல அடங்கியது. கேமரா விளக்கு அணைந்தது. அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. வழக்கமாக அக்கா பேசுகிற நேரம் அது.

சமையலறையில் குழாய் நின்றது. பெரியம்மா, "என்னங்க," என்றாள், "இன்னைக்கு அவளைப் போடலியா?"