பின் சீட்டு சுவிட்ச்

எங்கள் அம்பாசடருடன் வந்த ஒயரிங் படத்தில் அந்த மஞ்சள் ஒயர் இல்லை. பொன்னேரியில் பழைய ஒயர்களை மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"இன்னா சார் இது? பின் சீட்டுல காலிங்பெல் சுவிட்சு, ஸ்டியரிங்காண்ட பல்பு! காரை ஊடுன்னு நெனச்சுக்கினாங்களா?"

அவர் தூக்கிய சீட்டிலிருந்து காய்ந்த ரெக்சினும் தேங்காய் நாரும் கலந்த வாசனை வந்தது. சின்ன வயதில் ஆரம்பாக்கம் சாலையில் போகும்போது, பின் சீட்டில் அம்மா பிள்ளைகள் எங்கள் நடுவே உட்கார்ந்து அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அவள் கை சீட்டுக்கு அடியில் போகும். முன்னால் சிவப்புப் பல்பு எரியும். நைனா உடனே ஓரம் கட்டுவார். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போகும்.

"இன்ஜின் சூடாயிடுச்சுடா" என்பாள் அம்மா. நம்பினோம்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கம்பெனி மிஷின் சத்தத்துல உங்க நைனாவுக்குக் காது பூட்ச்சுடா. ஆரன் கேக்காது. தெரிஞ்சா லைசென்ஸும் பூடும், வேலையும் பூடும்னு யாராண்டயும் சொல்லல."

எலக்ட்ரீசியனிடம் மஞ்சள் ஒயரை அப்படியே விடச் சொன்னேன்.

அந்த நாட்களில் வழியெல்லாம் நாங்கள் பாடிக்கொண்டு வருவோம். நைனா தலையாட்டிக்கொண்டே ஓட்டுவார். அவர் இப்போது இல்லை. எங்கள் பாட்டு அவருக்குக் கேட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.