மயிரிழை ஆட்டம்

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மஞ்சள் மையில் தோய்த்து, கிரவுன் வீலின் பற்களில் பூசிக்கொண்டிருக்கிறார் மேஸ்திரி. எப்போதும் கீழிருந்து மேலாகத்தான். ஒரு பல்லில் மை திட்டாகத் தங்கிவிட்டால் விரலால் வழித்துவிட்டு மறுபடியும் பூசுகிறார். தன் பல்லை இந்த அக்கறையில் பாதி காட்டித் துலக்கியிருந்தால்கூடக் கடைவாய் இப்படிக் காலியாகியிருக்காது. "அண்ணே, அது வாய் கொப்பளிக்கத் தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?" என்று பக்கத்துக் கொட்டகை வெல்டிங்காரர் கேட்பார். கேட்காத நாள் கிடையாது. மேஸ்திரி திரும்பிப் பார்த்த நாளும் கிடையாது.

லாரியின் பின்னச்சுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கிற இரும்புக் கூட்டை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குள்ளே தாம்பாளம்போல ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. அதுதான் கிரவுன் வீல். அதைக் கடித்துச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். இரண்டும் சேர்ந்துதான் எஞ்சினின் ஓட்டத்தைத் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கின்றன. மொத்தமும் சேர்த்து டிப்ரன்சியல். லாரியில் மற்ற எது கெட்டாலும் மேஸ்திரி கை வைக்கமாட்டார். "அதுக்கு ஆள் இருக்கான்" என்பார். டிப்ரன்சியல் என்றால் மட்டும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

எந்த ஓட்டுநர் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "இழுக்கும்போது கத்துதா, விடும்போது கத்துதா?" ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சத்தம் வருகிறதா, காலை எடுக்கும்போதா என்று அர்த்தம். அதற்குப் பதில் வரும்வரை உட்காரச் சொல்லமாட்டார், தண்ணீர் கொடுக்கமாட்டார். ஒருமுறை பக்கத்து வீட்டம்மாள் தன் குழந்தை ராவெல்லாம் அழுகிறதென்று சொன்னபோதும் இதையே கேட்டுவிட்டார் என்று வெல்டிங்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பல்லோடு பல் எங்கே உரசுகிறது என்று பார்க்கத்தான் அந்த மஞ்சள் மை. பூசிவிட்டு, பினியனைக் கையால் சுற்றுவார். கிரவுன் வீலைக் கட்டையால் அழுத்திக்கொண்டால், வண்டி பாரம் இழுப்பதுபோல இருக்கும். நாலு சுற்றுச் சுற்றி நிறுத்தினால், உரசிய இடத்தில் மை விலகிப் பளபளவென்று ஒரு தடம் தெரியும். தடம் பல்லின் நுனியில் விழுந்தால் தப்பு, அடியில் விழுந்தாலும் தப்பு. நடுவில், அவரைக்கொட்டை அளவுக்கு நீளவாக்கில் விழவேண்டும். தப்பாக விழுந்தால் எல்லாவற்றையும் பிரித்து, பினியனுக்குக் கீழே தாள் கனத்தில் ஒரு தகட்டைக் கூட்டியோ குறைத்தோ, மறுபடி பூட்டி, மறுபடி மை பூசவேண்டும். ஒரு தடவைக்கே அரைநாள் ஓடிவிடும்.

தடம் நடுவில் விழுந்தாலும் வேலை முடியாது. கிரவுன் வீலை இரண்டு கையாலும் பிடித்து லேசாக அசைப்பார். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி வேண்டும். அளவுமானியை வைத்துப் பார்ப்பார், முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக் கையால் பார்த்துவிடுவார். "மயிரிழை ஆட்டம் இருக்கணும். இறுக்கிப் பிடிச்சா எண்ணெய் போக வழியில்லாம வெந்து போயிடும். தளர விட்டா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்" என்பார். தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதர் பேச்சுக்குப் பேச்சு மயிரிழை என்பதைக் கேட்டுப் புதிய ஓட்டுநர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள்.

எல்லாம் சரியானால் விரல்களை மடக்கிக் கூட்டின் மேல் இரண்டு தட்டு. அவ்வளவுதான், அது உத்தரவு. "தட்டிட்டாரா?" என்றுதான் ஓட்டுநர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அவர் தட்டிய வண்டி வருடக்கணக்கில் கூட்டைத் திறக்காமல் ஓடும். சரியில்லாததற்கு அவர் தட்டியதில்லை. சரியாக இருப்பதைத் தட்டாமல் இருந்ததும் இல்லை.

இவ்வளவு சுத்தமான கைக்காரருக்கு அந்தக் கையே எதிரியாக இருப்பது ஒரே ஒரு வண்டி விஷயத்தில்தான். அது அவர் மகளுடைய லாரி.

மகள் தனக்கென்று சொந்தமாக வண்டி வாங்கி, தானே ஓட்டுகிறாள். ஒரு சரக்கை இறக்குவதற்குள் அடுத்த சரக்குக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை, நேரம்தான் இல்லை. அவள் அம்மா இறந்துபோன பிறகு, கொட்டகைக்குப் பின்னாலிருக்கிற இரண்டு அறை வீட்டில் மேஸ்திரி மட்டும்தான். மகள் எப்போதாவது அந்த வழியாகப் போனால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். முன்னறையில் அவளுக்காக விரித்த மெத்தை விரித்தபடியே கிடக்கும். அதை அவர் உடனே சுருட்டுவதில்லை. இரண்டு மூன்று நாள் அதைத் தாண்டித் தாண்டியே நடமாடுவார்.

அவளிடமிருந்து போன் வந்தாலும் எடுத்தவுடன், "வண்டி கத்துதா, பாப்பா?" என்பார்.

"இல்லப்பா, சத்தமே இல்ல. நீங்க பண்ணதாச்சே."

"சரி சரி." அந்தச் 'சரி'யில் சுரத்து இருக்காது. வண்டி கத்தவேண்டும் என்று எந்தத் தகப்பன் வேண்டிக்கொள்வான்? இவர் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டதற்காக வெட்கப்பட்டார்.

வெல்டிங்காரர் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். "அண்ணே, உங்க மக வண்டிக்கு மட்டும் கொஞ்சம் லூசா விடுங்களேன். மாசாமாசம் வந்து நிக்கும்." மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "பாதி வழியில பல்லு உடைஞ்சு நின்னா உன் வீட்லயா வந்து படுப்பா?" என்று கேட்டார். அதன்பிறகு வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் வெல்டிங்காரர் மேல் மட்டும்தானா என்பது சந்தேகம். அந்த யோசனை அவருக்கு ஏற்கெனவே வந்திருக்க வேண்டும்.

போன வாரம் போன் வந்தது. "அப்பா, கத்துதுப்பா."

"இழுக்கும்போதா, விடும்போதா?"

"இழுக்கும்போது."

மேஸ்திரி சவரம் செய்துகொண்டார். முன்னறையைக் கழுவிவிட்டார். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினார். வண்டி வந்து கூட்டைத் திறந்தபோது, எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தது. பேரிங் அரித்து, பற்கள் சொரசொரத்துப் போயிருந்தன.

"தண்ணி நின்ன ரோட்டுல விட்டியா?"

"விடாம? வெள்ளம் வடியட்டும்னு உக்காந்திருந்தா சரக்கு தானா நடந்து போகுமா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் திட்டவில்லை. வண்டி வந்துவிட்டதே. சக்கரங்களைக் கழற்றி, பின்பக்கத்தை முட்டுக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தினார். முட்டுக்கட்டையில் நிற்கிற வண்டிக்குள் யாரும் படுக்கக்கூடாது என்பது அந்தக் கொட்டகையின் சட்டம். ஆகவே மகள் முன்னறை மெத்தையில்தான் படுத்தாக வேண்டும். இத்தனை வருடமாகப் போட்டுவைத்த சட்டங்களிலேயே இதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. காலையில் அவள் எழும்முன் டம்ளர்களைக்கூடச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தார். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில், அடுப்பில் முட்டை தீய்ந்தது.

புதுப் பல்சக்கரங்களும் பேரிங்குகளும் வந்து சேர்ந்தன. சரக்கு ஏஜெண்ட் மகளுக்குப் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். "அப்பா தட்டட்டும். தட்டின அடுத்த நிமிஷம் கிளம்பிடறேன்" என்று அவள் சொல்வது மேஸ்திரியின் காதில் ஒவ்வொரு தடவையும் விழுந்தது.

இன்று காலையில் முதல் சோதனை. வழக்கமாகக் கட்டையைத் தானே காலால் அணைத்துக்கொண்டு சுற்றுகிறவர், இன்று கட்டையை மகளிடம் கொடுத்தார். அவள் அழுத்த, அவர் சுற்றினார். தடம் பல்லின் நுனியில் விழுந்திருந்தது. இந்தத் தடத்தை வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கொட்டகையில் வளர்ந்ததில் தானாக வந்தது. "மேல இருக்குப்பா" என்றாள், அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள். "ஆமா, மேலதான் இருக்கு" என்ற மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! தப்பாக விழுந்த தடத்தைப் பார்த்து இப்படிப் பூரித்துப்போன மெக்கானிக் வேறெங்கும் இருக்கமாட்டார்.

பிரித்தார்கள். தகடுகள் துணியின் மேல் வரிசையாகக் கிடந்தன. மெல்லிய தகடு ஒன்றை எடுத்துவிட்டால் போதும் என்பது அவருக்குத் தெரியும். தடித்ததை எடுத்தால் தடம் பல்லின் அடிக்குப் போய்விடும், இன்னொரு நாள் கிடைக்கும். தடித்த தகட்டின் மேல் அவர் கை கொஞ்சம் நின்றது. அப்புறம் மெல்லியதை எடுத்து ஓரமாக வைத்தார். தடித்ததை எடுக்கக் கை ஒப்பினால்தானே.

மத்தியானம் பூட்டி முடித்து, இதோ, மறுபடியும் மை பூசியாயிற்று. மகள் கட்டையை அழுத்துகிறாள். மேஸ்திரி நிதானமாகச் சுற்றுகிறார், தேவைக்கு மேலேயே நாலு சுற்று. நிறுத்துகிறார். பல்லுக்குப் பல் நட்டநடுவில், அவரைக்கொட்டையாகத் தடம். புத்தகத்தில் படம் போடலாம். கண்ணை மூடிக் கிரவுன் வீலை அசைத்துப் பார்க்கிறார். மயிரிழை. அளவுமானியின் முள்ளும் அதையே சொல்கிறது. மகளின் போன் மறுபடி அடிக்கிறது. அவள் எடுக்கவில்லை, தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொள்கிறார். விரல்கள் மடங்குகின்றன. கை கூட்டுக்குப் போகிறது.

மகள் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, மஞ்சள் தடத்தை ஒரு பல் விடாமல் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"இன்னும் மேலதாம்ப்பா இருக்கு" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "பிரிச்சுடலாம். அவசரமில்ல."

தட்டுவதற்காக மடக்கிய விரல்கள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு விரிந்து, பெரிய ஸ்பேனரை எடுத்து அவளிடம் நீட்டின.