நுரையீரலுக்குள் பௌர்ணமிக் கூட்டம்

நுரையீரல் மருத்துவம் என்பது, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி நாம் மூச்சு வாங்கும் தொழில். விளக்கம் சொல்லியே பிழைக்கும் சக பாவிகளே, உங்கள் துறை எதுவானாலும் ஏழுமலை போன்ற ஒருவரைச் சந்தித்திருப்பீர்கள்.

நார்மல்

ஏழுமலை, போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். டூட்டியில் வண்டிப் புகை, டூட்டி முடிந்தால் சிகரெட் புகை என்று நுரையீரலுக்கு விடுப்பே கொடுக்காதவர். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்த்தால், நுரையீரலின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தது. அது கையில் பட்டை கட்டினால் தெரியாது, வலது இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தனி வழி என்று படம் போட்டே காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "இப்பதான் மெடிக்கல்ல பிரஷர் பார்த்துட்டு வரேன் சார், நார்மல். உங்க மிஷின்தான் ஜாஸ்தி காட்டுது."

வீக்கம்

குறுகிய குழாய்களுக்குள் தள்ளித் தள்ளி வலது இதயம் களைத்துவிட்டது. ரத்தம் பின்னால் தேங்கிக் கால் வீங்குகிறது. வீட்டில் ஆக்சிஜன் வைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். கலங்குவார் என்று எதிர்பார்த்தது என் தவறு. "காலை நான் பார்த்துக்கிட்டேன் டாக்டர். ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கியாச்சு."

டூட்டி

ஏழுமலையோ, மூக்கில் ஆக்சிஜன் டியூப் மாட்டினால் தான் குடியிருக்கும் வேங்கிக்காலில் அக்கம்பக்கம் என்ன பேசுமோ என்று மறுத்தார். அவர் பாஷையிலேயே இறங்கினேன். நுரையீரலில் காற்று வராத பகுதிக்குப் போகும் குழாய் தானாகவே சுருங்கி, காற்றுள்ள பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடும். பௌர்ணமி கிரிவலத்தன்று ஒரு தெருவில் தடுப்பு வைத்துக் கூட்டத்தை அடுத்த தெருவுக்கு அனுப்புகிற மாதிரி. உங்களுக்கு நுரையீரல் முழுக்கக் காற்று கம்மி. எல்லாத் தெருவிலும் தடுப்பு. வருடக்கணக்கில் நின்றதில் குழாய்ச் சுவரும் தடித்துவிட்டது. போதாததற்கு, சில தெருக்களைப் புகை இடித்தே தள்ளிவிட்டது. ஆக்சிஜன் உள்ளே போனால் தடுப்பு கொஞ்சமாவது விலகும்.

முதல் முறையாக அவர் முகம் மாறியது. புரிந்துவிட்டது என்று பூரித்தேன். "குழாயைக் குறை சொல்லாதீங்க சார். அவனவன் பாயிண்ட்ல அவனவன் டூட்டி பாக்கறான்."

மாத்திரை

டியூபுக்கு மாற்றாக, பெங்களூரில் இருக்கும் அவர் மகன் இணையத்தில் ஒரு மாத்திரையைக் கண்டுபிடித்தார். ரத்தக்குழாயை விரிக்குமாம். விரிக்கும்தான். ஆனால் அது குழாயிலேயே நோய் தொடங்கியவர்களுக்கு. அப்பாவுக்குக் கொடுத்தால், காற்றே இல்லாத தெருவுக்கும் ரத்தம் போய் வெறுங்கையோடு திரும்பும், இருக்கிற ஆக்சிஜனும் குறையும் என்றேன். போனிலேயே திருப்பிக் கேட்டார். "அப்ப நெட்ல எழுதறவங்கல்லாம் படிக்காதவங்களா டாக்டர்?"

கிரிவலம்

அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்றியே தீருவேன் என்றார் ஏழுமலை. தெருமுனை தாண்டவே மூச்சில்லை. டியூப் மாட்டினால்தான் ஆட்டோ என்று சரோஜா சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சிறிய சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறு மாதம் டியூபோடுதான் வந்தார். கால் வீக்கம் வடிந்து, செருப்பு தொளதொளத்தது. இப்போது டியூபைத் தூக்கத்தில்கூடக் கழற்றுவதில்லையாம். என் விளக்கம் பலித்ததா என்று அடக்கமாகக் கேட்டேன்.

"நீங்க சொன்னது கரெக்ட் சார். கிரிவலப் பாதையில ஒரு ஆட்டோவையும் விடலை. எங்கிட்ட வேலை பார்த்த போலீஸ் பையன்தான் டூட்டில, என் பேரைச் சொல்லிப் பார்த்தேன், அசையலை. டியூபைப் பார்த்தான், தடுப்பை நகர்த்திட்டான்."

நான் படித்த படிப்பெல்லாம் சேர்ந்து மாட்ட முடியாத டியூபை, ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்ட தடுப்பு மாட்டிவிட்டது.